அப்பர் எறியாத ஒன்று

சிவன் கோயில் திருச்சுற்றில் நால்வரும் வரிசையாக நிற்கும்போது அப்பர் என்கிற திருநாவுக்கரசரை இனங்காண யாரையும் கேட்க வேண்டியதில்லை. தோளில் சாய்ந்திருக்கும் உழவாரமே சொல்லிவிடும். நீண்ட கோல், அதன் முனையில் தட்டையான இரும்பு அலகு. பிராகாரத்தில் மண்டிய புல்லையும் முள்ளையும் மேலோடு செதுக்கித் தள்ளுகிற கருவி அது. மாணிக்கவாசகர் கையில் ஏடு இருக்கிறது. நான்காம், ஐந்தாம், ஆறாம் திருமுறைகளைப் பாடிய அப்பருக்குத் தமிழ்ச் சிற்பிகள் ஏட்டைக் கொடுக்காமல் இந்தத் தோட்டக் கருவியைக் கொடுத்தார்கள். அவருடைய முதுமைக் காலத்தில் திருப்புகலூரில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சியைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிறார். இறைவன் அவரைச் சோதிக்க எண்ணி, உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் கிடக்கச் செய்கிறான். அப்பர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து அதே உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்துவிடுகிறார். பற்றின்மைக்கு எடுத்துக்காட்டாகவே மேடைகளில் இந்தக் கதை சொல்லப்படுகிறது, அது சரிதான். ஆனால் குளத்துக்குள் போனதைப் பற்றிப் பேசுகிற அளவுக்குக் கையில் தங்கியதைப் பற்றி நாம் பேசுவதில்லை. பொன்னை வீசியவர் உழவாரத்தை வீசவில்லை. எல்லாவற்றையும் விட்ட ஒருவர் ஓர் இரும்புக் கருவியை மட்டும் இறுதிவரை வைத்திருந்தார் என்றால், அந்தக் கருவியோடு அவருக்கு இருந்த உறவு என்ன? அதையும் பற்று என்று சொல்லிவிட முடியுமா?

இது அப்பரோடு முடிகிற கேள்வி இல்லை. மண்வெட்டியோ களைக்கொத்தோ கவாத்துக் கத்தரியோ வாங்கும்போது நல்லதாகப் பார்த்து வாங்குவதும், வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து எண்ணெய் பூசி வைப்பதும் ஆன்மிகத்துக்குச் சம்பந்தமில்லாத வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இன்னும் ஒரு படி மேலே போய், பொருள்மீது இத்தனை கவனம் வைப்பதே மனத்தைக் கட்டிப்போடும் என்றும், எல்லாம் ஒருநாள் மண்ணோடு மண்ணாகப் போகிறவைதானே என்றும் சொல்கிறவர்கள் உண்டு. நான் இதற்கு மாறாக நினைக்கிறேன். ஒரு கருவியைப் பேணுவது, பற்றில்லாமல் வாழ்வதற்கு நம் அன்றாடத்தில் கிடைக்கிற மிகத் தெளிவான பயிற்சிகளில் ஒன்று. அதை மழையில் போட்டுவிட்டுப் போவதுதான் உடைமை மனப்பான்மையின் வேலை.

துறவை மிகக் கண்டிப்பாகக் கைக்கொண்ட மரபுகளே பொருளைப் பேணுவது பற்றி மிக நுணுக்கமாக விதி எழுதியிருக்கின்றன என்பதுதான் இதற்கு முதல் சான்று. பௌத்தத்தின் விநய பிடகத்தில் பிக்குகளுக்கு ஒரு விதி உண்டு. சங்கத்துக்குரிய கட்டிலையோ மெத்தையையோ இருக்கையையோ வெட்டவெளியில் போட்டுவிட்டு, எடுத்து வைக்காமலும் யாரிடமும் ஒப்படைக்காமலும் கிளம்பிப் போகிறவர் குற்றம் செய்தவராகிறார். வீடும் மனைவி மக்களும் வேண்டாம் என்று வந்தவரிடம், நனையப்போகிற ஒரு கட்டிலுக்குக் கணக்குக் கேட்கிறது இந்த விதி. அதே பிடகத்தில், புத்தரின் சீடர் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகள் தானமாகக் கிடைத்தபோது கோசாம்பி மன்னன் உதயணன் இத்தனையையும் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறான். நைந்த ஆடை அணிந்தவர்களுக்குக் கொடுப்போம் என்கிறார் ஆனந்தர். அந்த நைந்த ஆடைகளை? படுக்கை விரிப்பாக்குவோம். பழைய விரிப்பு மெத்தை உறையாகும், பழைய உறை தரைவிரிப்பாகும், பிறகு கால்மிதி, பிறகு தூசி தட்டும் துணி. கடைசியில் அதைக் கிழித்துச் சேற்றோடு பிசைந்து தரை மெழுகுவோம். மன்னன் மறுபேச்சின்றி இன்னும் ஐந்நூறு ஆடைகளைக் கொடுத்துவிடுகிறான். சமணத் துறவிகளின் ஐந்து சமிதிகளில் ஒன்று, எந்தப் பொருளையும் எடுக்கும்போதும் வைக்கும்போதும் சிற்றுயிர் எதுவும் நசுங்காதபடி பார்த்து எடுத்து, பார்த்து வைப்பது. திகம்பரத் துறவியிடம் மயிற்பீலியும் கமண்டலமும் தவிர ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. அந்த இரண்டையும் கீழே வைக்கிற விதத்துக்குக்கூட ஒழுக்கம் வகுத்திருக்கிறார்கள். சைவத்துக்குத் திரும்புவதற்கு முன் தருமசேனர் என்ற பெயரில் சமணராக இருந்த அப்பர் இந்த ஒழுக்கத்தை அறியாதவராக இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

ஐரோப்பாவில் 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்குநூல் இதை இன்னும் நேராகச் சொல்கிறது. மடத்தின் பண்டசாலையைப் பார்த்துக்கொள்பவர் அங்குள்ள எல்லாப் பாத்திரங்களையும் உடைமைகளையும் திருப்பலிப் பீடத்தின் பாத்திரங்களைப் போலவே கருத வேண்டும் என்கிறது 31ஆம் அத்தியாயம். அடுத்த அத்தியாயம் முழுக்கக் கருவிகளைப் பற்றியது. மடாதிபதி ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும், எதைக் கொடுத்தார், எது திரும்பி வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், மடத்தின் பொருளை அழுக்காகவோ அசட்டையாகவோ கையாளுகிற துறவியைக் கண்டிக்க வேண்டும். அதற்கும் அடுத்த அத்தியாயம், யாரும் எதையும், ஓர் எழுதுகோலைக்கூட, தனக்குரியதாக வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். கருவியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள் என்று சொல்லி முடித்த உடனேயே, எதுவும் உன்னுடையதில்லை என்கிறார். பெனடிக்டுக்கு இந்த இரண்டும் முரணாகத் தெரியவில்லை.

ஏன் முரணாகாது என்பதில்தான் என் வாதம் நிற்கிறது. ஒரு பொருள் முழுக்க என்னுடையது என்றால் அதை நான் எப்படியும் நடத்தலாம். காசு கொடுத்தவன் நான், கெட்டுப்போனால் நஷ்டமும் எனக்குத்தான். அது என்னிடம் வந்து தங்கியிருக்கிறது, எனக்கு முன்னும் பின்னும் அதற்கு வாழ்வு உண்டு என்றால், அசட்டையாக இருக்க எனக்கு உரிமை இல்லை. ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரும்பு பூமிக்குள்ளிருந்து ஒருமுறை தோண்டி எடுக்கப்பட்டது. காம்பு ஒரு கருவேல மரம் பல ஆண்டுகள் நின்று விளைவித்த வைரம். இரண்டையும் சேர்த்தது உலை முன்னால் ஒரு மனிதர் வியர்த்த வியர்வை. தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா, சிறையில் எழுதி 1945ல் வெளிவந்த நிலைத்த பொருளாதாரம் பற்றிய தம் நூலில், எடுக்க எடுக்கக் குறைந்துபோகும் கனிமங்களையும் ஆண்டுதோறும் மறுபடி விளைகிற மரம் போன்றவற்றையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார். அந்தப் பிரிவினை ஒரே மண்வெட்டிக்குள் இருக்கிறது. காம்பு மறுபடி முளைக்கும், இரும்பு முளைக்காது. ஆகவே காம்பு போனால் மாற்றக்கூடியதாகவும், இரும்பு பல காம்புகளைப் பார்க்கக்கூடியதாகவும் உள்ள கருவியைத் தேர்வதே அறிவுடைமை. அதை நான் அறம் என்றும் சொல்வேன்.

கடையில் நின்று இதைக் கண்டறிவது கடினமில்லை. முதலில் அலகும் காம்பும் சேர்கிற இடத்தைப் பார்க்க வேண்டும். தோட்டக் கருவிகள் பெரும்பாலும் அங்கேதான் சாகின்றன. காம்பு நுழையும் வளையம் அலகோடு ஒன்றாக அடித்து உருவாக்கப்பட்டிருக்கிறதா, தகட்டை வெட்டி மேலே ஒரு குழாயை இரண்டு புள்ளியில் பற்றவைத்திருக்கிறார்களா என்பது விரலால் தடவினாலே தெரிந்துவிடும். பிறகு மரம். பளபளப்பான வண்ணம் பூசிய காம்பைவிடப் பூச்சில்லாத காம்பு நம்பத்தக்கது, ஏனென்றால் வண்ணத்தின் அடியில் கணுவும் வெடிப்பும் மறைந்துகொள்ளும். மரத்தின் வரிகள் காம்பின் நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். வரி குறுக்கே வெளியேறுகிற இடத்தில் ஒருநாள் முறியும். கத்தரி என்றால் ஆணியும் சுருள்வில்லும் கழற்றி மாற்றக்கூடியவையா என்று கேட்க வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டி அடித்துச் செய்கிற அரிவாளும் வெட்டுக்கத்தியும் கண்ணுக்கு அழகாக இருக்காது. ஆனால் அந்த எஃகு விளிம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேறொரு வேலையில் தேய்ந்த இரும்புக்கு அது இரண்டாம் பிறவியும்கூட.

பேணுவதும் சிறிய காரியம்தான். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும்; உப்பும் உரமும் சேர்ந்தால் வேகம் கூடும். அலகில் ஒட்டிய களிமண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இரவு முழுவதும் அரிக்கும். துரு மேலே படிந்து உள்ளிருக்கும் இரும்பைக் காப்பதில்லை. அது பொருக்குப் பொருக்காக உதிர்ந்து அடுத்த அடுக்குக்கு வழிவிடும். மண்ணைச் சுரண்டி, கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசினால் வேலை முடிந்தது. காம்புக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது. அது மரத்துக்குள் இறங்கிக் காய்ந்து இறுகும், தேங்காய் எண்ணெய் அப்படிக் காயாது. தீட்டும்போது அலகின் பழைய சாய்வை மாற்றாமல் அரத்தை ஒரே திசையில் தள்ள வேண்டும். சில இழுப்புகளில் விளிம்பின் மறுபக்கம் மயிரிழை போலப் பிசிறு எழும்; விரல் நுனியால் மெதுவாகத் தொட்டால் சொரசொரப்பாகத் தெரியும். அது விளிம்பு முழுவதும் எழுந்துவிட்டால் அந்தப் பக்கம் தீட்டியது போதும், மறுபக்கம் ஒரு மெல்லிய இழுப்பில் அதை நீக்கிவிடலாம். அவசரப்பட்டு மின்சாரச் சாணையில் அழுத்தி விளிம்பு நீலம் பாய்ந்துவிட்டால், கொல்லர் அதற்குக் கொடுத்த கடினம் அங்கே போய்விட்டது என்று பொருள்.

இந்த அளவு ஈடுபாடே பற்றாக வளராதா என்பது நியாயமான ஆட்சேபம். விலையுயர்ந்த கத்தரிகளை வாங்கிச் சுவரில் வரிசையாக மாட்டி, மண் படாமல் பார்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பற்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தீட்டுதல் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முறை அரம் ஓடும்போதும் அலகு கொஞ்சம் குறைகிறது. பல ஆண்டுகள் நன்றாகப் பேணப்பட்ட அரிவாள் வாங்கியதில் பாதி அகலமாக இருக்கும். நகையைப் பேணுகிறவர் அது அப்படியே இருக்க வேண்டும் என்று பேணுகிறார். கருவியைப் பேணுகிறவர் அது வேலையில் தேய்ந்து முடிய வேண்டும் என்று பேணுகிறார். துருவில் தேய்வதையும் பரணில் கிடந்து மக்குவதையும் மட்டுமே தடுக்கிறார். தன் கையாலேயே ஒரு பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டே அதன்மேல் உடைமைவெறி கொள்வது கடினம். சந்தேகமிருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் இரவல் கேட்கும்போது மனம் என்ன செய்கிறது? எப்படித் துடைத்து வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க முடிந்தால் அது அக்கறை. கொடுக்கவே மனம் வராவிட்டால், அப்பர் குளத்தில் எறிந்த பொருள்களின் பக்கம் அந்தக் கருவி போய்விட்டது.

இதெல்லாம் சிக்கனம்தானே, இதற்கு எதற்குத் தத்துவம் என்று இன்னொருவர் கேட்கலாம். சிக்கனம் நல்ல குணம்தான், ஆனால் இந்த வேலைக்கு அது போதாது. இன்றைய சந்தையில் மலிவான ஒரு கைக்கரண்டியை வளைந்தவுடன் எறிந்துவிட்டு இன்னொன்று வாங்குவது, நல்லதொன்றை வாங்கிப் பராமரிக்கிற நேரத்தின் மதிப்பைவிடக் குறைந்த செலவாகவே முடியலாம். வரவு செலவு மட்டும் பார்க்கிறவர் அப்போது எறியத்தான் வேண்டும். அந்தக் கணக்கில் பூமியிலிருந்து எடுத்த இரும்பும், அந்தத் தகட்டை அழுத்தும் எந்திரத்தின் முன்னால் யாரோ ஒருவர் கழித்த நாளும் விலைச்சீட்டுக்கு மேல் இடம் பெறுவதில்லை. கணக்கு எறியச் சொல்கிற இடத்திலும் எறியாமல் இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமென்றால் சிக்கனத்துக்கு வெளியேதான் தேட வேண்டும். ஆனந்தரின் கடைசிக் கந்தல் சேற்றோடு பிசையப்பட்டது காசை மிச்சம் பிடிக்க இல்லை. ஐந்நூறு ஆடைகள் ஒரே நாளில் தானமாக வருகிற இடத்தில் கந்தலுக்குப் பஞ்சமா? கொடுத்தவரின் கொடைக்குக் காட்டுகிற மரியாதை அது.

மூன்றாவது ஆட்சேபம் சமய மரபுகளுக்கு உள்ளிருந்தே வருவது. மண்ணைக் கொத்தும் இரும்பு உயிர்களைக் கொல்கிறது. மனுஸ்மிருதி உழவை நிந்திப்பதற்கு இதையே காரணமாகச் சொல்கிறது. நான் மேலே காட்டிய அதே விநயம், மண்ணைத் தோண்டுவதைப் பிக்குகளுக்கு விலக்குகிறது. கருவியே வன்முறை என்றால் அதைப் பேணுவது எப்படி அறமாகும்? மண்ணைத் தொடாமல் உண்ண வழியில்லை. துறவி தோண்டாவிட்டால் அவருக்குச் சோறு போடுகிறவர் தோண்டியாக வேண்டும். குறைவான தீங்கோடு எப்படிச் செய்வது என்ற கேள்விதான் நமக்கு மிஞ்சுகிறது, அதற்கான விடை கருவியின் விளிம்பில் இருக்கிறது. கூரான களைக்கொத்து மேல்மண்ணிலேயே களையின் கழுத்தை அறுத்துவிடும். மழுங்கியது ஆழமாக இறங்கிப் பயிரின் வேரையும் மண்புழுவையும் சேர்த்துக் கிளறும். கூரான கத்தரி வெட்டிய கிளை சீக்கிரம் மூடிக்கொள்ளும். மழுங்கிய கத்தரி நசுக்கிய இடத்தில் நோய் நுழையும். துடைக்காத கத்தரியோ ஒரு செடியின் நோயை அடுத்த செடிக்குத் தானே சுமந்துபோகும். அகிம்சையைப் பேசுகிற தோட்டக்காரருக்கு அரமும் துணியும் தவிர்க்க முடியாதவை.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் கடைசியானது. கருவியை வணங்கிய சமூகம் கருவி பிடித்த கையை எப்படி நடத்தியது? பெரியபுராணமே சாட்சி சொல்கிறது. திருநாளைப்போவார் என்ற நந்தனார் கோயில் பேரிகைகளுக்குப் போர்க்கத் தோலும் இழுத்துக்கட்ட வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்துவந்தவர். அவர் கொடுத்த தோல் சந்நிதிக்கு அருகே முழங்கியது, அவர் வெளியே நின்றார். கருவி மேல் பக்தி காட்டிவிட்டு மனிதரைத் தள்ளி வைப்பது நம் வரலாற்றில் நடந்த ஒன்று, அதை மழுப்புவதற்கில்லை. வேறு தேசத்திலும் இதே கேள்வி வேறு வடிவில் வந்தது. கலிபோர்னியாவின் பண்ணைகளில் தொழிலாளர்களுக்குக் குட்டைக் காம்புக் கொத்துகளைக் கொடுத்தார்கள். நாள் முழுவதும் இடுப்பை வளைத்தே வேலை செய்தாக வேண்டும். நிமிர்ந்தவர் மேற்பார்வையாளர் கண்ணில் உடனே பட்டுவிடுவார். முதுகெலும்பு கெட்டு ஏராளமானோர் முடங்கிய பிறகு, நீண்ட வழக்குக்குப் பின் 1975ல் அந்தக் கருவி அங்கே தடைசெய்யப்பட்டது. அந்தக் கொத்துகள் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், எத்தனை ஒழுங்காக எண்ணெய் பூசப்பட்டிருந்தாலும் அவை நல்ல கருவிகள் இல்லை. இந்த ஆட்சேபத்தை மறுக்க நான் விரும்பவில்லை. என் வாதத்துக்குள் ஏற்றுக்கொள்கிறேன். காம்பின் நீளம் அதைப் பிடிக்கிறவரின் முதுகுக்குப் பொருந்துகிறதா என்பதும் நல்ல கருவியின் இலக்கணத்தில் சேர்ந்ததுதான். நம் வயல்களில் பெண்கள் இன்றும் குட்டைக் களைக்கொத்தோடு குனிந்தே களையெடுக்கிறார்கள். அவர்களுக்கு நீண்ட காம்பு போட்டுக் கொடுப்பது ஒரு பட்டறைக்கு அரைநாள் வேலை. அப்பரின் உழவாரத்துக்கு இருக்கிற நீண்ட கோலை நினைத்துப் பார்க்கலாம். கற்றவர், துறவி, நாடே வணங்கிய முதியவர் அந்த வேலையை இன்னொருவர் தலையில் கட்டாமல் தாமே செய்தார் என்பதும் அந்தத் திருவுருவம் சொல்கிற செய்திதான்.

ஆண்டுக்கு ஒருநாள் நவமியன்று நம் வீடுகளிலும் பட்டறைகளிலும் கருவிகள் கழுவப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் இடப்படுகின்றன. அந்த ஒருநாள் வழிபாட்டை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கருவிக்கு ஓய்வு கொடுத்து அதன் முன்னால் மனிதர் கைகூப்புகிற பழக்கம் நம்மிடம் இருப்பது பெருமைக்குரியது. ஆனால் ஈரச் சந்தனத்தை வெறும் இரும்பில் அப்பி அப்படியே விட்டால், காய்ந்த இடத்தில் அதே வட்டத்தில் துரு பூக்கும். மறுநாள் விஜயதசமி காலையில் பொட்டைத் துடைத்து, அலகை உலர்த்தி, எண்ணெய் தடவி, அரத்தால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்; அதுவும் பூஜையைச் சேர்ந்ததுதான். கோயில்களில் உழவாரப் பணி செய்கிற அன்பர் குழுக்கள் பெனடிக்டின் மடத்தைப் போல ஒரு கருவிப் பதிவேடு வைத்துக்கொள்ளலாம். எத்தனை மண்வெட்டி வெளியே போனது, எத்தனை கழுவித் திரும்பி வந்தது என்று ஒருவர் பொறுப்பாகக் குறித்துக்கொண்டாலே போதும். உங்கள் வீட்டுத் தோட்டத்தில் இன்னொருவர் கூலிக்கு வேலை செய்கிறார் என்றால், அடுத்த முறை கருவி வாங்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எடையும் காம்பின் நீளமும் அவர் சொல்கிறபடி இருக்கட்டும்.